முப்பது வோல்ட் மதகு

அத்தியாயம் 9

ரெத்தினத்தின் மண்டையைப் பிளந்தவன் ஒரே அடியோடு நிறுத்தவில்லை. ஐந்தாறு அடி அடித்திருந்தான். சுவரிலும் கூரையிலும் ரிப்பேருக்கு வந்து அடுக்கியிருந்த டிவிகளின் கண்ணாடியிலும் ரத்தம் தெறித்து, ஒரு ராத்திரிக்குள் காய்ந்து கறுத்திருந்தது. அப்துல் வஹாப் நாகூர்க்காரன். மீன் வெட்டும் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்தவன். அவனே வாசலைப் பார்த்துத் திரும்பினான்.

"ஏட்டம்மா, நான் வாசல்ல நின்னு யாரும் வர்றாங்களான்னு பாத்துக்கிறேனே."

"யாரும் வர மாட்டாங்க. வா உள்ளே."

பதினோரு வருஷம் காவல்துறையில் ஏட்டாக இருந்து, ஒரு பெரிய மனிதரின் மகனைக் கைது செய்த பாவத்துக்காக வேலையை விட்டவள் சௌந்தரநாயகி. இப்போது தஞ்சாவூரில் மாடியறை ஒன்றில் தனியார் துப்பறிவாளர். மோட்டார் சைக்கிள் ஓட்டுவது, அடி வாங்குவது, வாயை மூடாமல் இருப்பது, மூன்றுக்கும் சேர்த்து வஹாப்பை வைத்திருந்தாள். மூன்றாவதற்குச் சம்பளமில்லை என்று அடிக்கடி சொல்வாள்.

அவர்களைக் கரைமேடு கிராமத்துக்கு அழைத்தவள் எல்லையம்மாள். செத்துப்போன ரெத்தினம் அவள் கூடப்பிறந்த அண்ணன். கொலைக்குற்றத்துக்காக லாக்கப்பில் கிடக்கும் மாரியப்பன் அவள் புருஷன். மச்சானின் தலையைத் தூக்கி மடியில் வைத்து அழுதவனின் சட்டையில் ரத்தம் இருக்காமல் பன்னீரா இருக்கும்? அந்தச் சட்டை போதும் என்றார் சப்-இன்ஸ்பெக்டர். பூர்வீக மனைக்காகப் போன மாதம் இருவரும் சண்டை போட்டது ஊருக்கே தெரியும். கேஸ் முடிந்தது என்று கையைத் துடைத்துக்கொண்டார்.

"நாலு மணிக்குள்ள ஒத்துக்கிட்டு ரேகை வைக்கணுமாம்மா. வைக்கலன்னா கோர்ட்டுக்கு உசுரோட போவ மாட்டான்னு ஒரு போலீஸ்காரரே காதோட சொல்லிட்டுப் போனாரு." எல்லையம்மாள் அழவில்லை. அழுகை நேற்றே தீர்ந்திருந்தது. "விலாவுல ரெண்டு எலும்பு போயிருச்சாம்."

அப்போது மணி பதினொன்று.

வாசலில் நல்லக்கண்ணு நின்றிருந்தார். விவசாயத் தொழிலாளர் சங்கத் தலைவர். கீழத்தெருவின் அறுபது குடும்பங்கள் பயிர் செய்யும் உச்சவரம்பு நிலத்தை இறால் பண்ணைக்காரன் வளைக்கப் பார்த்தபோது, டிராக்டருக்கு முன்னால் படுத்தவர். எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் கலெக்டர் ஆபீஸ் படியில் அவர் துண்டுதான் முதலில் விழும் என்பார்கள். வஹாப்புக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. காலையில் இருவருக்கும் டீ வாங்கிக் கொடுத்ததும் அவர்தான்.

"உள்ள வாங்களேன்" என்றாள் சௌந்தரநாயகி.

"வேண்டாம்மா. பண்ணைக்காரன் வீட்டு டிவியை ரிப்பேர் பண்ணாதடான்னேன். தொழில் வேற, சங்கம் வேறன்னான். அன்னையிலேர்ந்து ரெண்டு வருஷமா இந்தப் படி ஏறல. அவன் செத்த மறுநாளு ஏறுனா நல்லாவா இருக்கும்?" இடது கையில் சுற்றியிருந்த துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கையில என்னங்க?"

"கருக்கரிவாள் இழுத்துட்டு. அது கெடக்கு. மாரியப்பன் புள்ளப்பூச்சி. எப்படியாச்சும் வெளில கொண்டாந்துருங்க." சொல்லிவிட்டுப் பிணத்தை வாங்க ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிப் போனார்.

உள்ளே, மேஜை நடுவில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. எண்ணெய் டின்னை வெட்டிச் செய்தது. முகப்பில் ஒரே ஒரு கறுப்புத் திருகி, அதைச் சுற்றி எண் இல்லை, கோடு இல்லை. இரண்டு ஒயர்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன, முனையில் முதலைவாய் கிளிப். மேஜையில் சாம்பல் நிறத்தில் நார்நாராய்க் காகிதத் துணுக்குகள் சிதறிக் கிடந்தன.

"பீடி பிச்சுப் போட்டிருக்கான்" என்றான் வஹாப்.

"முகர்ந்து பாரு."

முகர்ந்தான். பீடி இல்லை. கருகிய பிளாஸ்டிக்கும் ஏதோ காரமும் கலந்து மூக்கில் ஏறியது.

"இது என்ன பெட்டிம்மா?"

எல்லையம்மாள் வாசற்படியைத் தாண்டாமல் பதில் சொன்னாள். "மூணு மாசம் முன்னாடி அண்ணன் கட்டுனது. மோட்டார் கொட்டாய்ல எல்லாம் தண்ணி எறைக்க ஆரம்பிச்சா நம்ம ஊருல கரண்டு நூத்திநாப்பதுக்கு எறங்கிரும். ரேடியோகூடப் பாடாது. இந்தப் பெட்டி எவ்வளவு கொறைஞ்ச கரண்டுலயும் வேலை செய்யும். மூணு வோல்ட்டுலேர்ந்து முப்பது வரைக்கும் என்ன வேணுமோ வச்சிக்கலாம்."

பக்கத்தில் கோடு போட்ட நோட்டு ஒன்று கிடந்தது. சௌந்தரநாயகி பிரித்தாள். சர்க்யூட் படம்தான். ஆனால் ரெத்தினம் அதைத் தன் பாஷையில் போட்டிருந்தான். கரண்டு வரும் பக்கம் ஆறு. நடுவில் டிரான்ஸிஸ்டர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மதகு. அதற்கு அப்பால் சுருள் வாய்க்கால், கெப்பாசிட்டர் குளம். ஓரத்தில் பென்சிலில் எழுதியிருந்தான்: மதகு நொடிக்கு ஐம்பதாயிரம் முறை திறந்து மூடும். திறந்திருக்கும் நேரம் கூடினால் குளத்தில் மட்டம் கூடும். குளத்து மட்டத்தைப் பார்த்து மதகுக்குச் சொல்ல ஒரு ஆள் வேண்டும், அதுதான் ஐ.சி. அந்த ஆளுக்கு நாம் சொல்வது திருகி வழியாக.

"எலெக்ட்ரானிக்ஸ்ல எதுக்குங்க மதகு?"

"கடை வைக்கிறதுக்கு முன்னாடி எட்டு வருஷம் லஸ்கரா இருந்தாரு அண்ணன். பெரிய வாய்க்கால் மதகுல ஷட்டர் தூக்குற வேலை. போலீஸ் எடுத்துட்டுப் போன இரும்புச் சாவி அந்த ஷட்டரைத் திருகுற சாவிதான். அதாலதான் அண்ணனை அடிச்சிருக்கான்."

பெட்டியின் திருகி இடப்பக்கம் கடைசிவரை திரும்பி நின்றது. சப்-இன்ஸ்பெக்டரும் அதைப் பார்த்து அறிக்கையில் எழுதியிருந்தார்: கருவி பூஜ்யத்தில் இருந்தது, இறந்தவர் வேலை செய்துகொண்டிருக்கவில்லை, வீட்டு ஆளோடு பேசிக்கொண்டிருந்தார்.

சௌந்தரநாயகி கிளிப் இரண்டிலும் லாரி பல்பு ஒன்றை மாட்டி, சுவிட்சைப் போட்டாள். பல்பு கண் கூசும்படி எரிந்தது.

"பூஜ்யம்னா இப்படியா எரியும்?" என்றான் வஹாப். "குறைக்கிறேன் இருங்க." திருகியை இன்னும் இடப்பக்கம் தள்ளிப் பார்த்தான். அது நகரவில்லை. வலப்பக்கம் திருப்பினான். வெளிச்சம் இறங்கி இறங்கி அணைந்தது. "தலைகீழா இருக்கே."

"ஷட்டரை வலப்பக்கம் திருகுனா அடைக்கும், இடப்பக்கம் திருகுனா திறக்கும்" என்றாள் எல்லையம்மாள். "அண்ணன் கை அப்படிப் பழகிருச்சு. பெட்டியையும் அப்படியே கட்டிட்டாரு. எங்க வீட்டுல எல்லாருக்கும் தெரியும். அவருகூட இதுலதான் டார்ச்சு லைட்டு பேட்டரிக்குக் கரண்டு ஏத்துவாரு." அவர் என்றது மாரியப்பனை.

சௌந்தரநாயகி நிமிர்ந்தாள். "அப்போ உன் புருஷன் இதைச் செய்யல."

"எப்படிம்மா?"

"இந்தக் கிளிப்புல மாட்டி இங்க ஏதோ பாடிக்கிட்டிருந்திருக்கு. வந்தவன் அதை நிறுத்தப் பார்த்திருக்கான். ரேடியோவுல சத்தத்தைக் குறைக்கிற மாதிரி இடப்பக்கம் கடைசிவரைக்கும் திருகியிருக்கான். அஞ்சாறு வோல்ட் போக வேண்டிய இடத்துல முப்பது போய், உள்ளே இருந்த கெப்பாசிட்டர் வெடிச்சிருக்கு. இந்தக் காகிதம் அதோட குடல். மாரியப்பனா இருந்தா வலப்பக்கம் திருகியிருப்பான்."

எல்லையம்மாள் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"இதை சப்-இன்ஸ்பெக்டர்கிட்ட சொன்னா என்ன சொல்வாரு தெரியுமா?" என்றான் வஹாப். "திருகிக்கு சாட்சி சொல்ல வாய் இருக்கான்னு கேப்பாரு."

"அதனாலதான் வெடிச்ச பொருளைத் தேடணும்."

தேடுவது கஷ்டமாக இல்லை. ரெத்தினம் ரிப்பேருக்கு வரும் ஒவ்வொரு பொருளுக்கும் அட்டைத் துண்டில் பெயர் எழுதி நூலில் கட்டுவான். ஆணியில் ஓர் அட்டை மட்டும் பொருளில்லாமல் தொங்கியது: டேப் ரெக்கார்டர், கேசட் உள்ளே சிக்கல், செல்லதுரை, இறால் பண்ணை.

பண்ணைக்குப் போகிற வழியெல்லாம் ஒரு பக்கம் பச்சைச் சம்பா, மறுபக்கம் உப்பேறி வெளுத்த தரிசு. பெட்டியையும் பல்பையும் மடியில் வைத்துக்கொண்டு சௌந்தரநாயகி பின்னால் உட்கார்ந்திருந்தாள். பண்ணை கேட்டில் மூன்று தடியர்கள் நின்றிருந்தார்கள்.

"உள்ள யாரும் போவக் கூடாது."

"நாங்க இறால் வாங்க வந்தோம்ணே" என்றான் வஹாப். "கால் கிலோ போதும். தலையைக் கிள்ளிக் குடுங்க."

முதல் தடியன் பதில் சொல்லாமல் வஹாப்பின் வாயில் குத்தினான். உதடு கிழிந்து உப்புக்கரித்தது. இரண்டாமவன் கம்பை ஓங்கினான். அதற்குள் சௌந்தரநாயகி அவன் மணிக்கட்டைப் பிடித்து, பதினோரு வருஷம் பழகிய ஒரு முறுக்கு முறுக்கினாள். எலும்பு முறிந்த சத்தம் வஹாப்புக்கே கேட்டது. கம்பு அவள் கைக்கு வந்தது. அது மூன்றாமவனின் முழங்காலில் இறங்கியதும் முதலாமவன் தானாகவே கேட்டைத் திறந்தான்.

"முதல்லயே நீங்க அடிச்சிருந்தா என் உதடு மிஞ்சியிருக்கும்" என்றான் வஹாப்.

"நீ முதல்லயே வாயை மூடியிருந்தாலும் மிஞ்சியிருக்கும்."

இன்ஜின் கொட்டகையின் பின்னால், தீவன மூட்டைகளுக்கு இடையில் வஹாப் துழாவினான். மேலாகவே இருந்தது, எடுத்துக்கொள் என்பது போல. ஒரு டேப் ரெக்கார்டர், அடிப்பக்கம் உருகியிருந்தது. கேசட் இருக்க வேண்டிய வாய் காலி. ஓரத்தில் ரத்தம்.

பண்ணை மேனேஜர் செல்லதுரை அதைப் பார்த்ததும் வெளுத்தார். தூத்துக்குடிப் பக்கத்து ஆள். வந்து இரண்டு வருஷத்தில் ஊரில் அவரிடம் சிரித்துப் பேசியவர்கள் யாருமில்லை.

"என்னுதுதான். அஞ்சு நாளைக்கு முன்ன ரிப்பேருக்குக் குடுத்தேன். இங்கே எப்படி வந்துச்சு?"

"உள்ளே என்ன கேசட்?"

"யாரு உங்களை உள்ளே விட்டது?" என்று பேச்சை மாற்றினார் அவர்.

சௌந்தரநாயகி தகரப் பெட்டியைக் கொட்டகை மேஜையில் வைத்து, சொருகி, திருகியை நடுவில் நிறுத்தினாள். பல்பு மங்கலாக எரிந்தது. "இங்கே இருட்டா இருக்கு. கொஞ்சம் வெளிச்சத்தைக் கூட்டுங்க."

செல்லதுரை கையை நீட்டி வலப்பக்கம் திருகினார். பல்பு அணைந்தது. திகைத்து, பெட்டியைத் தட்டிப் பார்த்தார். வஹாப்புக்குப் பொறுக்கவில்லை, அவளை ஓரமாக இழுத்தான்.

"ஏட்டம்மா, இவன்தான். பெட்டி தெரியாத ஆளு, டேப்பும் இவன் கொட்டாய்ல. இதுக்கு மேல என்ன வேணும்?"

"கொலை பண்ணிட்டு, அதோட அடையாளத்தைத் தன் கொட்டாய்லயே மூட்டைக்கு மேலாப்புல வைக்கிறவன் பண்ணை நடத்த மாட்டான்."

அதற்குள் வெளியே கூச்சல் கேட்டது. மணி இரண்டரை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிணத்தைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோகாமல் பண்ணை கேட்டின் குறுக்கே இறக்கி வைத்திருந்தார்கள். இருநூறு பேருக்கு மேல் இருக்கும். நடுவில் டிராக்டர் டிரெய்லர் மேல் ஏறி நின்று நல்லக்கண்ணு பேசிக்கொண்டிருந்தார்.

"போலீஸு ஒரு ஏழையைப் புடிச்சி அடிச்சிக்கிட்டிருக்கு. கொன்னவன் இந்த கேட்டுக்குள்ள இருக்கான். உள்ள போயித் தேடுனா அத்தாட்சி கெடைக்கும். ரெத்தினத்தோட ரத்தம் கேக்குது."

முதல் கல் கொட்டகைக் கூரையில் விழுந்தது. இரண்டாவது, எட்டிப் பார்த்த செல்லதுரையின் நெற்றியைப் பிளந்தது. கேட்டை உடைத்துக்கொண்டு முன்வரிசை உள்ளே பாய்ந்தது. செல்லதுரையை மயிரைப் பிடித்து இழுத்து வந்து பிணத்தின் காலடியில் போட்டு மிதித்தார்கள். சப்-இன்ஸ்பெக்டர் இரண்டு போலீஸ்காரர்களோடு ஓரமாக நின்றார். இருநூறு பேருக்கு மூன்று லத்தி என்ற கணக்கு அவருக்கு நன்றாகத் தெரியும்.

சௌந்தரநாயகி கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனாள். "அவனை எங்கேயும் விட்டுட மாட்டோம். பொணத்தைப் போட்டு வச்சிக்கிட்டு, தலைமாட்டுல விளக்குகூட இல்லாம என்ன அடிதடி?"

அந்தக் குரலுக்கு மிதித்த கால்கள் நின்றன. தலைமாட்டு விளக்கு உப்புக்காற்றில் எப்போதோ அணைந்திருந்தது. பெண்கள் மூன்று முறை ஏற்றியும் நிற்கவில்லை. கூட்டம் கொஞ்சம் வெட்கப்பட்டது.

"இது ரெத்தினம் தன் கையால கட்டுன பெட்டி. இதுல எரியற விளக்கு எந்தக் காத்துக்கும் அணையாது. வஹாப்பு, ஒயரை இழு."

கேட் விளக்கிலிருந்து வஹாப் கரண்டு இழுத்தான். பெட்டி பிணத்தின் தலைமாட்டில் அமர்ந்தது. திருகி நடுவில், பல்பு மங்கலாக.

"தலைவரே" என்று கூப்பிட்டாள் அவள். "சங்கத்துக்காக உழைச்சவன். நீங்க வந்து விளக்கைத் தூண்டி விடுங்க."

மறுக்க முடியுமா? இருநூறு ஜோடிக் கண்கள். நல்லக்கண்ணு டிரெய்லரிலிருந்து இறங்கி வந்தார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்தார். வலது கையால் திருகியைப் பிடித்தார். ஒரு நொடி தயங்கினார். பிறகு மெதுவாக, ரொம்ப ஜாக்கிரதையாக, இடப்பக்கம் திருகினார்.

பல்பு பிரகாசமாக எரிந்தது. பெண்கள் குலுங்கி அழுதார்கள்.

வஹாப்புக்கு அப்போதுதான் உறைத்தது. காலையில் அவனுக்கு டீ நீட்டியதும் இந்தக் கைதான்.

"நல்லாத் திருகுனீங்க" என்றாள் சௌந்தரநாயகி. குரலை உயர்த்தவில்லை. "நான் திருகியிருந்தா வலப்பக்கம் திருகியிருப்பேன். வஹாப்பும் அப்படித்தான் பழகியிருக்கான். பண்ணை மேனேஜரும் அப்படித்தான் திருகுனாரு. உலகத்துல எல்லாத் திருகியும் அப்படித்தான். இது ஒண்ணுதான் மதகு மாதிரி தலைகீழ். கட்டி மூணே மாசம் ஆகுது, கடையை விட்டு இன்னைக்குத்தான் வெளியே வந்திருக்கு. ரெண்டு வருஷமா படி ஏறாத உங்களுக்கு யார் சொன்னா?"

"ஏதோ... கை போன பக்கம் திருகுனேன்."

"நேத்தும் கை போன பக்கம்தான் திருகுனீங்க. அணைக்கிறதா நினைச்சு இடப்பக்கம் திருகுனீங்க. இடது கையில பிடிச்சிருந்த டேப்பு வெடிச்சுது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது. இன்னைக்குப் பூனை எவ்வளவு பதனமாத் திருகுச்சுன்னு எல்லாரும் பார்த்தாங்க. கொல்ற நேரத்துல பெட்டி பழக்கமில்லாதவன், இப்போ பழக்கமானவன். அப்படி ஊர்ல ஒரு ஆள்தான் இருக்க முடியும். டேப்பை இந்தக் கொட்டாய்ல போட்டவனுக்குத்தான் உள்ள தேடுனா அத்தாட்சி கெடைக்கும்னு தெரியும். அந்தக் கைக்கட்டை அவிழ்த்துக் காட்டுங்க. அரிவாள் பட்டதா, தீ பட்டதான்னு பார்த்துரலாம்."

நல்லக்கண்ணு கையைப் பின்னால் மறைத்தார். பக்கத்தில் நின்ற கிழவர் ஒருவர், நாற்பது வருஷமாக அவர் சொன்ன இடத்தில் உட்கார்ந்து எழுந்தவர், அந்தக் கையைப் பிடித்துத் துணியை உருவினார். அரிவாள் வெட்டு ஒன்றுமில்லை. உள்ளங்கை முழுக்கப் பொரிப்பொரியாய்க் கொப்புளம்.

காலடியில் கிடந்த செல்லதுரை ரத்தத்தைத் துப்பிவிட்டுப் பேசினார். "கேசட்டுல அவர் குரல்தான். எங்ககிட்ட காசு வாங்கிக்கிட்டு, கீழத்தெருவை எந்தத் தேதியில கொளுத்தினா ஜனம் நிலத்தை விட்டுட்டு ஓடும்னு எங்கிட்ட சொன்னாரு. பின்னால மாறிடக் கூடாதுன்னு தெரியாம பதிவு பண்ணி வச்சேன். டேப்புல சிக்கிக்கிச்சு. ரிப்பேருக்குக் குடுத்துத் தொலைச்சேன்."

ரெத்தினம் டேப்பைச் சரிசெய்து, ஓடுகிறதா என்று பார்க்க உள்ளே இருந்த கேசட்டையே ஓட்டியிருக்கிறான். எந்த மெக்கானிக்கும் அதைத்தான் செய்வான். தலைவரின் குரலைக் கேட்டவன் போலீசுக்குப் போகவில்லை, ஊரைக் கூட்டவில்லை. இது நீங்கள்தானா என்று அவரையே கூப்பிட்டுக் கேட்டிருக்கிறான். அந்த மரியாதைதான் அவன் மண்டையைப் பிளந்தது.

கூட்டத்திலிருந்து ஒரு ஓலம் எழுந்தது. நல்லக்கண்ணு இடுப்புத் துண்டுக்குள்ளிருந்து அரிவாளை உருவி வீசினார். குறுக்கே பாய்ந்த வஹாப்பின் தோளில் அது சதையோடு இறங்கியது. வஹாப் விழுந்துகொண்டே அவர் காலைக் கட்டிப்பிடித்தான். இரண்டு பேரும் பாடை மேல் சரிந்தார்கள். சௌந்தரநாயகியின் கம்பு அரிவாள் பிடித்த முழங்கையில் இறங்கியது. பத்துப் பேர் அவர்மேல் விழுந்தார்கள். வேட்டி கிழிந்தது, பல் தெறித்தது.

அதற்குள் எல்லையம்மாள் வந்துவிட்டாள். உடைந்த கேட்டின் இரும்புக் கம்பி அவள் கையில் இருந்தது. கூட்டம் தானாக விலகி வழிவிட்டது. கீழே கிடந்தவரின் தலைக்கு நேரே கம்பியை ஓங்கினாள்.

"போடு" என்றாள் சௌந்தரநாயகி. "போட்டா அண்ணன் கணக்கு தீரும். ஆனா இவன் வாயைத் தொறந்து சொன்னாத்தான் உன் புருஷன் வெளியே வருவான். மணி மூணரை."

கம்பி காற்றில் அப்படியே நின்றது. அப்புறம் எல்லையம்மாள் கம்பியைப் பக்கத்தில் மண்ணில் குத்திவிட்டு, சப்-இன்ஸ்பெக்டர் முன்னால் போய் நின்றாள். அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, நல்லக்கண்ணுவை ஏற்றி ஜீப்பைக் கிளப்பச் சொன்னார்.

ஸ்டேஷனில் நல்லக்கண்ணு வாயைத் திறந்து ஒத்துக்கொண்டார். நாலு அடிக்கப் பத்து நிமிஷம் இருந்தபோது மாரியப்பனை வெளியே கொண்டு வந்தார்கள். நடந்து வரவில்லை, இரண்டு பேர் தாங்கி வந்தார்கள். பெருவிரலில் நீல மை அப்பியிருந்தது. காகிதத்தில் இன்னும் அழுத்தவில்லை. இடையில் மயங்கிவிட்டான் என்றார் ஒரு போலீஸ்காரர், அது என்னவோ அவன் குற்றம் போல.

தோளில் துண்டைச் சுற்றிக்கொண்டு மரத்தடியில் சாய்ந்திருந்த வஹாப், ஏதாவது வேடிக்கையாகச் சொல்லி அவர்களைத் தேற்றலாமா என்று யோசித்தான். கடைசியில் துண்டை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டான்.

மாரியப்பன் வீங்கிய கண்ணை ஒரு கீற்றுத் திறந்து பெண்டாட்டியைப் பார்த்தான்.

"தலைவரு வந்தாரா?" என்று கேட்டான். "அடிக்க அடிக்க அதான் சொல்லிக்கிட்டிருந்தேன். எங்க நல்லக்கண்ணு ஐயா வருவாரு, அவரு வந்து ஒரு வார்த்த சொன்னா விட்டுருவீங்கன்னு."

எல்லையம்மாள் முந்தானையால் அவன் பெருவிரல் மையைத் துடைத்தாள். அது போகவில்லை. எச்சில் தொட்டு இன்னும் அழுத்தித் துடைத்தாள்.

"வந்தாரு" என்றாள். "உள்ளதான் இருக்காரு."